செல்லாச்சி சைவ போசனசாலை

சமைப்பது நான். அரிசி களைவது நான், தேங்காய் துருவுவது நான், அடுப்புப் புகையில் கண் எரிந்து மூக்கைச் சிந்துவதும் நான்தான். பலகையில் இருக்கிற பேர் மாத்திரம் மாமியுடையது: செல்லாச்சி சைவ போசனசாலை.

மாமி நல்ல மனுஷி. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நெடுந்தீவிலும் புங்குடுதீவிலும் அவரைப் பிடிக்காத ஒரு ஆளைக் காட்டினால், நான் இந்தக் கரண்டியைக் கீழே வைத்துவிடுகிறேன். ஆனால் சமையல் மட்டும் அவருக்கு வராது. நெடுந்தீவில் மாடு வளர்ப்பார், பால் கறப்பார், அயலட்டையில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் நெய்யோடு போய் நிற்பார். சோறு காய்ச்சச் சொன்னால் மாட்டுக்கு வைக்கிற மாதிரிக் கஞ்சியும் சோறுமாகக் குழைத்து வைத்துவிட்டு, உடம்புக்கு நல்லது குடியுங்கோ என்பார். அவருடைய முகத்துக்காக எல்லோரும் குடிப்பார்கள். குடித்துவிட்டு வேலிக்கரைக்குப் போய்விடுவார்கள்.

இவர் தாயில்லாப் பிள்ளை. இவர் என்றால் என் புருஷன். பேரை நான் சொல்ல மாட்டேன், வேறு யாராவது சொல்லும்போது கேட்டுக்கொள்ளுங்கள். மாமி இவருடைய தாயின் தமக்கை. பெற்ற பிள்ளையாக வளர்த்தவர் அவர்தான். அந்தக் கஞ்சியை அமிர்தம் என்று சொல்லக்கூடிய ஒரே ஒரு நாக்கு இந்த உலகத்தில் இருக்கிறது. அதைத்தான் எனக்குக் கட்டிவைத்தார்கள்.

கலியாணம் முடிந்த கையோடு இவர் திரும்பக் கொழும்புக்குப் போய்விட்டார். அங்கே ஒரு முதலாளியின் கடையில் வேலை. வருஷத்தில் ஒருமுறை வருவார். வந்த களைப்பு ஆறுமுன் றங்குப்பெட்டியில் வேட்டி அடுக்கத் தொடங்குவார். புங்குடுதீவில் பாதிப் பெண்களுக்கு இதுதான் சீவியம். கேட்டால், அதற்கென்ன, ஊர் வழமைதானே என்பார்கள். எனக்கு அந்த வழமை ஒத்துவரவில்லை. தனிய இருந்து இருந்து, கோழியோடு கதைக்கிற அளவுக்கு வந்துவிட்டேன். ஒரு சித்திரை மாதம் இவர் பெட்டியைப் பூட்டப் போனபோது அதன்மேல் ஏறிக் குந்திக்கொண்டு, இனி ஏலாது என்று சொன்னேன். இறக்கப் பார்த்தார். நான் இறங்கவில்லை. சமைத்த பானை அடிப்பிடித்து மணந்தது, அப்போதும் இறங்கவில்லை.

அப்படித்தான் இந்தக் கடை வந்தது. நயினாதீவு அம்மன் கோவிலுக்குப் போகிற சனம் எங்கள் மேற்குக் கரைக்கு வந்துதான் வள்ளம் ஏற வேண்டும். வெயிலில் காத்துக் கிடக்கிற இடத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையும் இல்லை. ஆனித் திருவிழாவுக்குச் சனம் வந்து சாப்பிட்டால் இவர் ஊரோடு நிற்பார். சாப்பிடாவிட்டால் தீர்த்தம் முடிந்த மறுநாள் கொழும்புக்குப் போவார். அதுவரைக்கும் இடத்தை வைத்திருப்பதாக முதலாளி சொல்லியிருந்தார். இதுதான் எங்கள் பேச்சு. நான் மஞ்சளைத் தொடவைத்துச் சத்தியம் வாங்கினேன்.

கடைக்கு என் பேரை வைப்பார் என்று நான் நினைக்கவில்லை. சரி, பொய் ஏன், நினைத்தேன். பலகை வந்திறங்கியபோதுதான் மாமியின் பேரைக் கண்டேன். கூடவே சாக்குச் சுற்றிய ஒரு பெரிய சட்டமும் வந்தது. இவர் அதைத் தானே தூக்கி வந்து, நடு மண்டபத்தில், வாசலுக்கு நேரே மாட்டினார். மாமியின் படம். கொழும்பில் கொடுத்துப் பெரிதாக்கியிருந்தார்.

இவர் சிறு பிள்ளையாகக் கொழும்புக்கு வேலைக்குப் போனபோது, ரயிலேற்றிவிட மாமி யாழ்ப்பாணம் பட்டினம்வரை வந்தாராம். அன்றைக்கு ஒரு படக்கடையில் கதிரையில் இருத்திப் பிடித்த படம். மாமியின் சீவியத்தில் ஒரே படம் அதுதான். அதிலே மாமி வெள்ளைச் சேலை உடுத்து, கையிரண்டையும் மடியில் வைத்து, நிமிர்ந்து இருக்கிறார். கண் மாத்திரம் மூடியிருக்கிறது. படம் பிடிக்கிற நேரத்தில் சிமிட்டிவிட்டார் என்று இவர் சொன்னார்.

எங்கள் தீவுகளில் உயிரோடு இருக்கிறவரை யாரும் படம் பிடிப்பதில்லை. பிடித்தால் ஆயுள் குறையும் என்பார்கள். ஆள் செத்த பிறகுதான் குளிப்பாட்டி, வெள்ளை உடுத்தி, கதிரையில் நிமிர்த்தி இருத்திப் பிடிப்பார்கள். கண் மூடிய படம் என்றால் எல்லோருக்கும் ஒரே விளக்கம்தான். இவர் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். மல்லிகை மாலை போட்டார். பக்கத்தில் தூண்டாமணி விளக்கும் ஏற்றினார்.

உயிரோடிருக்கிற மனுஷிக்கு மாலையும் விளக்குமா என்று நான் கேட்டேன். இவர் என்னைத் திரும்பிப் பார்த்து, அம்மனுக்குப் போடுகிறோம், அம்மன் செத்தா போனா என்றார். கொழும்பில் இருந்து இருந்து ஊர்ப்புத்தி கழன்றுவிட்டது. உலை கொதித்துச் சிந்திக்கொண்டிருந்தபடியால் நான் குசினிக்குள் போய்விட்டேன்.

கொடியேறிய அன்று கரை நிறையச் சனம். நான் கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு, பருப்பு, முருங்கையிலை வறை, சொதி, பாயாசம் எல்லாம் வைத்தேன். மணம் வள்ளம்வரை போயிருக்கும். சனம் வந்தது. வாசலில் செருப்பைக் கழற்றியது. தலையைத் தூக்கிப் படத்தைப் பார்த்தது. பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் பின்வாங்கியது. ஒரு மனுஷி நேரே கடலுக்குப் போய்க் காலைக் கழுவினாள். செத்தவீடு நடந்த இடத்தில் முப்பத்தொரு நாளைக்குத் துடக்கு, தீட்டு. அங்கே ஒரு மிடறு தண்ணீர் குடித்தாலும் கோவிலுக்குள் போக ஏலாது. அம்மனைக் கும்பிடப் போகிறவர்கள் எங்கள் சோற்றைத் தொடுவார்களா?

அப்போது இது எனக்குப் புரியவில்லை. நான் குசினியில் நின்றேன். உள்ளே வந்தவர் ஒரே ஒரு ஆள்தான், நெடுந்தீவு சந்தியோகு. வேதக்காரர், வள்ளம் ஓட்டுகிறவர். அவர்களுக்கு இந்தத் துடக்கெல்லாம் கிடையாது. வயிறார உண்டார். கையைக் கழுவிக்கொண்டு படத்துக்கு முன்னால் வந்து நெஞ்சில் சிலுவை போட்டு, ஆண்டவரே இந்த ஆத்துமாவுக்கு நித்திய இளைப்பாற்றியைக் கொடும் என்று செபித்துவிட்டுப் போனார். வேதக்காரர் சாப்பிட்டால் இப்படித்தான் செபிப்பார்கள் போலும் என்று நினைத்து, நானும் தலையை ஆட்டினேன்.

அப்படியே சில நாள் போயிற்று. வைத்த சோறெல்லாம் மாட்டுக்குத்தான். இவர் வாசலில் நின்று வாருங்கோ வாருங்கோ என்பார். சனம் இவரைப் பாவம் பார்க்கிற மாதிரிப் பார்த்துவிட்டுப் போகும். பிறகு கடலைக் கொந்தளிக்க வைக்கிற சோளகக் காற்று எழுந்தது. பக்கத்தில் இருக்கிற நயினாதீவுக்கு வள்ளம் போய் வந்தது. நெடுந்தீவுக் கடலில் ஒருவரும் இறங்கவில்லை. தன் வீட்டுக்குப் போன சந்தியோகுவும் அங்கேயே அகப்பட்டுக்கொண்டார்.

அந்தக் காற்றுக்குள்தான் புளியங்கூடலில் இருந்து அன்னமுத்து வந்தார். மாமிக்குச் சித்தப்பன் மகள். ஒப்பாரிக்குப் பேர்போன தொண்டை. பின்னாலே ஒரு கூட்டம் பெண்கள். துறையில் இறங்கும்போதே தலைமயிரை அவிழ்த்துவிட்டார்கள். நேரே கடைக்குள் வந்து, இவரைக் கட்டிப்பிடித்து, "ஐயோ இராசநாயகம், உன்னை வளர்த்த தாய் உன்னை விட்டிட்டுப் போட்டாவே" என்று எடுத்தார்.

இவர் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். நெடுந்தீவுக் கடல் மூடிக் கிடக்கிறது, செய்தி எப்படியோ புளியங்கூடலுக்குப் போய், அங்கிருந்து எங்களுக்கு வந்திருக்கிறது என்று இவர் நினைத்தார். நானும் அப்படியே நினைத்தேன். அன்னமுத்துவோ, படத்தைக் கண்ட சனத்தின் வாயால் கேட்டு, எங்கள் வீட்டில்தான் சாவு, நாங்கள் சொல்லாமல் மறைத்தோம் என்று நினைத்திருந்தார். எப்படி நடந்தது என்று நான் அழுதழுது கேட்டேன். அவரோ, "உங்களுக்குத் தெரியாததோ பிள்ளை" என்று சொல்லி இன்னும் பெரிதாக அழுதார். அதற்குமேல் யார் யாரைக் கேட்பது?

நானும் அழுதேன். நடிப்பில்லை. என் முதல் பிள்ளை வயிற்றிலேயே போனபோது, சோளகத்துக்குள் வள்ளம் பிடித்து வந்து என் காலை மடியில் வைத்துக்கொண்டு இருந்தவர் மாமி. இவருக்குத் தந்தி கிடைத்து வந்து சேர எவ்வளவு காலம் சென்றது என்று என்னைச் சொல்ல வைக்காதீர்கள். அந்தக் கஞ்சியையும் நான் அப்போது குடித்தேன். மாமியை நினைத்து நெஞ்சில் அடித்து அழுதேன்.

கடல் திறந்தால் போகலாம் என்று இவர் கரையிலேயே கிடந்தார். தகனம் எப்போதோ நடந்திருக்கும், பிள்ளை என்று இருந்தும் கொள்ளி வைக்கவில்லை என்று அடித்துக்கொண்டார். கடைசியில் தலையை மழித்து, மீசையையும் எடுத்துவிட்டு வந்து படத்தின் கீழே இருந்தார். கடையைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. கொஞ்சம் யோசித்தேன்.

காற்று விழுந்த அன்று காலையில் சந்தியோகுவின் வள்ளம் வந்தது. அதிலிருந்து, தயிர் முட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மாமி இறங்கினார்.

அன்னமுத்து ஒப்பாரியை நடுவில் விட்டுவிட்டுச் சரிந்தார். மற்றப் பெண்கள் குசினிக்குள் ஓடிவந்து என் பின்னால் ஒளித்தார்கள். மாமி முட்டியை இறக்கிவைத்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

"சந்தியோகு என்ரை வீட்டை வந்து, நான் செத்துப்போனன் எண்டு என்னட்டையே சொன்னவன். பொய் சொல்லுற ஆளில்லை. அதுதான் என்னெண்டு பாத்திட்டுப் போவமெண்டு வந்தனான்."

இவர் காலில் விழுந்து கட்டிக்கொண்டார். மாமி மொட்டைத் தலையைத் தடவி, பேனோ தம்பி என்று கேட்டார்.

அன்னமுத்துவுக்கு மயக்கம் தெளிந்ததும் கோபம் வந்துவிட்டது. தொண்டை போய்விட்டது, துடக்கென்று குளித்துக் குளித்துச் சளி பிடித்துவிட்டது, இவ என்னடா என்றால் தயிரோடு வந்து நிற்கிறா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமிக்கு ஒருவர் மனம் நோகப் பொறுக்காது. கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு, குறை நினையாதே தங்கச்சி, மிச்சத்தையும் பாடு, நான் கேட்கிறேன் என்றார். அன்னமுத்து முதலில் மாட்டேன் என்றார். பிறகு பாடினார். மாமி கண்ணீர் வழிய வழியக் கேட்டார். இடையில் நிறுத்தி, தன்னுடைய சிவப்பிப் பசுவைப் பற்றி ஒன்றும் வரவில்லையே என்று கேட்டார். அன்னமுத்து சிவப்பிக்கும் ஒரு அடி கட்டிப் பாடினார். எல்லோரும் புதிதாக அழுதார்கள், மாமிதான் அதிகம்.

சரி, ஆள் வந்துவிட்டார், இனிக் கடை நடக்கும் என்று நான் அடுப்பை மூட்டினேன். எங்கே? நயினாதீவுக்குப் போகிற வழியில் கோவில் பூசை செய்கிற சந்திரமௌலீசன் ஐயரே வாசலில் நின்று, சாவு இல்லை, ஆகவே துடக்கும் இல்லை என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். சனம் ஐயர் சொன்னது சரி என்றது. சரி என்று சொல்லிக்கொண்டே கடையைத் தாண்டிப் போனது. படம் தொங்குகிறது, விளக்கு எரிகிறது, மொட்டை அடித்திருக்கிறது, ஒப்பாரியும் சொல்லியாயிற்று. ஆள் ஒருத்தி உயிரோடிருக்கிறாள் என்பதற்காக இவ்வளவையும் தள்ளிவிட முடியுமா? எதற்கும் முப்பத்தொன்று கழியட்டும் என்றார்கள்.

மாமி தானே சாட்சி சொல்லுகிறேன் என்று படத்துக்கு நேர் கீழே போய் இருந்தார். அதே வெள்ளைச் சேலை, அதே மாதிரிக் கை. சனம் எட்டிப் பார்க்கும்போது கண்ணை விரித்து, வாருங்கோ, நான்தான் அது என்று சிரித்தார். வட்டுக்கோட்டைப் பக்கத்துச் சனம் ஒன்று வள்ளம்வரைக்கும் ஓடியது. ஒரு கிழவர் செருப்பை விட்டுவிட்டே போய்விட்டார். அது இன்னும் எங்கள் வாசலில் கிடக்கிறது.

படத்தைக் கழற்றுங்கள் என்று நான் இவரிடம் சொன்னேன். மாட்டேன் என்றார். மாமியே சொன்னார். அப்போதும் மாட்டேன் என்றார். தீர்த்தத்துக்கு முந்திய நாள் மத்தியானம் பார்த்தால், இவர் பெட்டியை வெளியே எடுத்து வேட்டி அடுக்குகிறார். எனக்கு ஆத்திரம் எங்கிருந்துதான் வந்ததோ தெரியாது. அகப்பையோடு வந்து முன்னால் நின்றேன்.

"உங்களுக்குப் படத்திலை இருக்கிற ஆக்களைத்தான் பிடிக்கும் போலை. சொல்லியிருந்தால் நானும் ஒண்டு பிடிச்சு அனுப்பியிருப்பன். இஞ்சை ஒருத்தி உயிரோடை நிண்டு சமைச்சுச் சமைச்சுக் கொட்டுறாள். இந்தமுறை போனால் நான் கோழியோடை கதைக்கமாட்டன். எனக்கு விசர் பிடிச்சிடும்."

இவர் வேட்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"கொழும்பிலை அந்தச் சின்னப் படத்தை முன்னாலை வைச்சுத்தான் நான் ஒவ்வொரு நாளும் சாப்பிட்டனான். கண்ணை மூடிக்கொண்டெண்டாலும் என்னோடை இருந்தது அவதான். அதைக் கழட்ட எனக்குக் கை வராது."

மாமி கதிரையை விட்டு எழும்பி, படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தார். தன்னுடைய படத்தை அவர் அப்போதுதான் சரியாகப் பார்க்கிறார் போலிருந்தது.

"நான் சிமிட்டேல்லை தம்பி, இறுக்கி மூடினனான். ரயிலுக்கு நேரமாச்சுதெண்டு நீ அந்தரப்பட்டுக்கொண்டு நிண்டாய். கண்ணைத் திறந்தால் அழுகை வந்திடும். அழுதால் உன்னை விட்டிருக்கமாட்டன்." என்னைத் திரும்பிப் பார்த்தார். "இவள் மூடேல்லை. அகப்பையோடை வந்து நிக்கிறாள். நானும் அண்டைக்கு அப்பிடி நிண்டிருக்க வேணும்."

இத்தனை காலமும் அந்தப் பலகையில் இருந்த பேரைப் பார்த்துப் பொருமினேனே, அந்த மனுஷி எனக்கு முன்னமே இதே ஆளைத்தான் வழியனுப்பிவிட்டு நின்றிருக்கிறார்.

இவர் கதிரையை இழுத்துப் போட்டு ஏறினார். மாலையை எடுத்தார். படத்தை இறக்கினார். பெட்டியில் அடுக்கிய வேட்டியெல்லாவற்றையும் வெளியே அள்ளிப் போட்டுவிட்டு, படத்தை உள்ளே வைத்துப் பூட்டினார். பெட்டியைத் தள்ளிக்கொண்டுபோய் அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்தார். விளக்கை நான் அணைத்தேன்.

மறுநாள் தீர்த்தம். நயினாதீவில் இருந்து வள்ளம் வள்ளமாகச் சனம் திரும்பி வந்தது. மாமி என்னிடம், செத்தவர்கள் சாப்பிட மாட்டார்கள், கொண்டுவா என்று சொல்லி, வாசல்படியில் தலைவாழை இலையைப் போட்டு இருந்தார். நான் பரிமாறினேன். சனம் தள்ளி நின்று பார்த்தது. மாமி சோற்றைக் குழைத்து அடித்தார், இன்னும் கேட்டார், சொதியைக் கையில் ஏந்தி உறிஞ்சினார். வெயிலில் ஒரு மிடறு மோரைக்கூடக் காணாத சனம், வாயூறிக்கொண்டு நின்றது. பிறகு மாமி இலையில் இருந்தபடியே உரத்துச் சொன்னார்:

"பேருக்குப் பயப்பிடாதையுங்கோ. பேர்தான் என்ரை. சமைச்சது எங்கடை மீனாம்பிகை. நான் சமைச்சதெண்டால் நானே உங்களை ஓடச் சொல்லுவன்."

முதலில் வந்து இருந்தவர் அன்னமுத்து. துடக்குத் துடக்கென்று சரியாகச் சாப்பிடாமல் கிடந்தவர் அல்லவா, மூன்றுமுறை சோறு வாங்கினார். அவருக்குப் பின்னால் ஐயர் வீட்டு மாட்டுவண்டிக்காரன், பிறகு கரையில் நின்ற அவ்வளவு சனமும். பானை வழித்து முடிந்து, மாமிக்கு இரண்டாம் தரம் பாயாசம் இல்லாமல் போயிற்று.

இவர் கொழும்புக்குப் போகவில்லை. அடுத்த திருவிழாவுக்குப் படம் பிடிக்கிறவன் ஒருவன் வந்து கரையில் கொட்டகை போட்டான். ஆயுள் குறைந்தால் குறையட்டும் என்று மாமி எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு போனார். நடுவில் மாமி, ஒரு பக்கம் நான், மறுபக்கம் இவர். மாமி கண்ணை விரித்த விரிப்பில் பேய் கண்டவர் மாதிரி வந்திருக்கிறார். நான் முறைத்துக்கொண்டிருக்கிறேன். இவர்தான் கண்ணை மூடிவிட்டார்.

ஏன் என்று கேட்டேன். வெயில் என்றார். நான் அதற்குமேல் கேட்கவில்லை.

அந்தப் படம்தான் இப்போது வாசலுக்கு நேரே தொங்குகிறது. மாலை இல்லை, விளக்கு இல்லை. அப்படியிருந்தும் புதுச்சனம் வந்தால் அதைப் பார்த்துவிட்டு, பாவம் இந்த வயதில் என்று என்னை ஒரு மாதிரிப் பார்க்கும். சிலர் செருப்பைக் கையில் எடுப்பார்கள். நான் கரண்டியை வைக்காமலே குசினிப் பக்கம் திரும்பி, இஞ்சருங்கோ, ஒருக்கா வெளியிலை வாங்கோ என்று கூப்பிடுவேன். சாம்பார் வாளியோடு வந்து நிற்பார். ஒவ்வொரு தடவையும் கூப்பிட்ட உடனே வருகிறார்.